கணக்கெடுப்பு நுண்தரவு மாதிரியை வைத்து சமூக ஆய்வு செய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளை வைத்து ஆய்வு செய்பவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். பள்ளி செல்லும் சிறுமிகளின் எண்ணிக்கை ஓர் அட்டவணையில் இருக்கும், பெண்களின் கல்வி நிலை வேறோர் அட்டவணையில் இருக்கும். ஆனால் படிக்காத தாயின் மகள் பள்ளிக்குப் போகிறாளா என்று கேட்டால் இரண்டுமே வாய் திறக்காது. நுண்தரவு மாதிரி என்பது, அந்த அட்டவணைகளாகக் கூட்டப்படுவதற்கு முன்பிருந்த பதிவுகளிலிருந்து எடுத்த ஒரு பகுதி. ஆளுக்கு ஒரு வரி. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருக்கும், யார் யாரோடு ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பது மட்டும் அப்படியே இருக்கும். வேண்டிய அட்டவணையை நாமே போட்டுக்கொள்ளலாம், அதுதான் இதன் மதிப்பு முழுவதும்.

புதிதாக வருபவர்கள் இதில் தடுக்கி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புள்ளியியல் தெரியாமல் விழுபவர்கள் குறைவு. வரிசையை மாற்றிச் செய்து விழுபவர்கள்தான் அதிகம்: முதலில் கோப்பை இறக்கிவிடுவார்கள், அப்புறம் அதற்கு ஒரு கேள்வி தேடுவார்கள், கேள்வித்தாளைக் கடைசியாகத்தான் திறப்பார்கள். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முக்கியத்துவம் கொடுத்திருக்கிறேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே எடுத்துக்காட்டு: 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் பள்ளி செல்வதும் அவர்களின் தாயின் கல்வியும். குறிப்பிட்ட மாறிகளைப் (வயது, கல்வி போல ஒவ்வோர் ஆளுக்கும் பதிவான தகவல்கள்) பற்றிச் சொல்லும்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் இன்டர்நேஷனல் தொகுப்பை மனதில் வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் பல நாட்டு மாதிரிகளை ஒரே வடிவில் இலவசமாகத் தரும் இடம் அது. ஒரு நாட்டின் புள்ளியியல் அலுவலகத்திடமே நேரடியாக வாங்கினாலும் படிகள் இவைதான்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை: ஆர், ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ் ஆகிய புள்ளியியல் மென்பொருள்களில் ஏதாவது ஒன்றில் ஓரளவு பழக்கம். விகிதம், குறுக்கு அட்டவணை, திட்டப் பிழை என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும், மற்றதைப் போகப் போகப் பிடித்துக்கொள்ளலாம். எக்செல் மட்டும் வேண்டாம். அதன் ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் நிற்காது. பெரிய கோப்பைத் திறந்தால் மிச்சத்தை வெட்டிவிடும், அந்த எச்சரிக்கையைக் கவனிக்காமல் அரைக் கோப்பை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

1. உங்கள் கேள்விக்கு நுண்தரவு தேவையா என்று பாருங்கள்

மூன்று வகைக் கேள்விகளுக்கு இது இல்லாமல் முடியாது.

முதல் வகை, யாரும் அட்டவணையாகப் போடாத சேர்க்கை. வயது, கல்வி, இடப்பெயர்வு, தொழில் நான்கையும் ஒன்றாகக் குறுக்கிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எந்த வெளியீட்டிலும் கிடைக்காது. இரண்டாவது, ஒரு வீட்டுக்குள் இருப்பவர்களின் உறவு. தாயும் மகளும், கணவனும் மனைவியும், முதியவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும்.

மூன்றாவது வகையைத்தான் பலரும் கவனிப்பதில்லை: பகுதிகளுக்கு இடையே தெரியும் தொடர்பு ஆட்களுக்கு இடையேயும் இருக்கிறதா என்ற கேள்வி. 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற சமூகவியலாளர், இரண்டும் ஒன்றல்ல என்று அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பை வைத்துக் காட்டினார். மாநிலங்களை ஒப்பிட்டால், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகம் இருந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும், -1 முதல் 1 வரையான எண்) சுமார் -0.53. ஆனால் ஆட்களை ஒப்பிட்டால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம், கெழு சுமார் 0.12. குறியே தலைகீழாகிவிட்டது. காரணம் எளிது: குடியேறியவர்கள் எழுத்தறிவு அதிகமாக இருந்த மாநிலங்களில்தான் போய்த் தங்கினார்கள். மாவட்டவாரி அட்டவணைகளை மட்டும் வைத்து “படித்த தாய்மார் அதிகமுள்ள மாவட்டத்தில் சிறுமிகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஆகவே படித்த தாயின் மகள் போகிறாள்” என்று எழுதினால் இதே குழியில்தான் விழுவோம்.

சிறு குழுக்களைப் பற்றிய ஆய்வுக்கும் இது பெரிய துணை. 10,000 பேரிடம் எடுத்த ஆய்வில், மக்கள்தொகையில் 0.5 சதவீதமே உள்ள ஒரு குழுவிலிருந்து 50 பேர்தான் கிடைப்பார்கள். 2 கோடிப் பேர் உள்ள நாட்டின் 10 சதவீத மாதிரியில் அதே குழுவிலிருந்து 10,000 பேர் கிடைப்பார்கள்.

பொருந்தாத இடங்களும் உண்டு. ஒரு சிற்றூரின் மொத்த எண்ணிக்கை வேண்டுமென்றால் முழுக் கணக்கெடுப்பின் அட்டவணைதான் சரி. ஒருவர் ஏன் அப்படிச் செய்தார், என்ன நினைக்கிறார் என்பது கணக்கெடுப்பில் இருக்காது, பல நாடுகளில் வருமானம்கூடக் கேட்பதில்லை. ஒரே ஆளைப் பத்து ஆண்டு கழித்துத் தொடரவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு கணக்கெடுப்பின் மாதிரியும் தனித்தனியாக எடுக்கப்படுவது.

2. வெற்று அட்டவணையை வரையுங்கள்

கணினியைத் தொடும் முன் ஒரு தாளில், கடைசியில் உங்கள் கட்டுரையில் வரப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல் வரையுங்கள். நம் எடுத்துக்காட்டில் வரிசைகளில் தாயின் கல்வி நான்கு நிலைகள், பத்திகளில் பள்ளி செல்கிறாள் அல்லது செல்லவில்லை, இதையே நகரத்துக்கு ஒன்று கிராமத்துக்கு ஒன்று.

இது சின்னப் பிள்ளை வேலை மாதிரி தெரியும். ஆனால் உங்களுக்கு என்னென்ன மாறிகள் வேண்டும், யார் யாரைக் கணக்கில் சேர்க்க வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் இந்தத் தாளிலிருந்துதான் வருகிறது. இதை வரையாதவர்கள் நூறு மாறிகளை இறக்கிவிட்டு, அவற்றில் ஏதாவது ஒன்று தற்செயலாகத் தொடர்பு காட்டும்வரை துழாவிக்கொண்டிருப்பார்கள். அப்படிக் கிடைத்த முடிவை நம்பவே முடியாது.

3. மிகச் சிறிய கட்டத்தில் எத்தனை பேர் விழுவார்கள்?

வெற்று அட்டவணையின் மிகச் சிறிய கட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டத்தில் 50,000 பேர், கையில் இருப்பது 1 சதவீத மாதிரி என்றால் 500 பதிவுகள். அவர்களில் 10–14 வயதுச் சிறுமிகள் சுமார் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 25 பேர். பள்ளி செல்வோர் 60 சதவீதம் என்று வந்தால் அதன் திட்டப் பிழை கிட்டத்தட்ட 10 சதவீதப் புள்ளி. அதாவது உண்மை 41லிருந்து 79 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதைத் தாயின் கல்வியால் இன்னும் நான்காகப் பிரித்தால் எதுவுமே மிஞ்சாது. அதே இடத்தில் 10 சதவீத மாதிரி இருந்தால் 250 சிறுமிகள், பிழை 3 புள்ளி அளவுக்கு இறங்கும்.

இந்தக் கணக்குக்குத் தரவே தேவையில்லை, பத்து நிமிட வேலை. இதைச் செய்தால் மாவட்ட அளவில் பேசலாமா, மாநில அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பது முன்பே தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு: சிறிய பகுதிகளின் பெயரை மாதிரியில் தரவே மாட்டார்கள். ஐபம்ஸ் இன்டர்நேஷனலில் பொதுவாக 20,000 பேருக்குக் குறைவான பகுதி தனியாக அடையாளம் காட்டப்படாது, அமெரிக்காவின் பொதுப் பயன்பாட்டு மாதிரியில் அந்த எல்லை 1,00,000. ஒரு தெருவைப் பற்றியோ ஒரு சிற்றூரைப் பற்றியோ எழுத நினைத்திருந்தால் இங்கேயே திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

4. அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்

பதிவு செய்யும்போது ஆய்வு எதைப் பற்றியது என்று சில வரிகளில் எழுதச் சொல்வார்கள். “மக்கள்தொகை ஆய்வு” என்று மட்டும் போட்டால் போதாது, வெற்று அட்டவணையை அப்படியே இரண்டு வாக்கியமாக எழுதிவிடுங்கள். அனுமதி வர நாளாகலாம், அதனால் அடுத்த படியைப் படிக்கத் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நிபந்தனைகளில் மூன்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, பதிவில் இருப்பது இன்னார் என்று கண்டுபிடிக்க முயலக் கூடாது, தரவு எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். முதல் நிபந்தனையைத்தான் நல்லெண்ணத்தோடு மீறிவிடுகிறார்கள். நண்பர் கேட்டார் என்று கோப்பைத் தூக்கி அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பதில் எந்த மாதிரி, எந்த மாறிகள் என்ற பட்டியலையும் உங்கள் நிரல் கோப்பையும் கொடுங்கள், நண்பரும் பதிவு செய்து அதே கோப்பை எடுத்துக்கொள்ளலாம். தங்கள் தகவல் வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் மக்கள் கணக்கெடுப்புக்குப் பதில் சொல்கிறார்கள், அதன்மேல்தான் இந்த மாதிரிகள் எல்லாமே நிற்கின்றன.

5. கேள்வித்தாளைப் படியுங்கள், தரவைத் திறக்கும் முன்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்று யாராவது சொன்னால் இதற்கு ஒதுக்குங்கள் என்பேன். கேள்வித்தாள் மட்டும் போதாது, கணக்கெடுப்பாளருக்குக் கொடுத்த அறிவுரைக் கையேட்டையும் படிக்க வேண்டும். ஐபம்ஸில் இவை ஆங்கில மொழிபெயர்ப்போடு கிடைக்கும்.

எதைத் தேட வேண்டும்? முதலில் கேள்வியின் காலம். “இப்போது பள்ளி செல்கிறாரா” என்று கேட்பதும் “இந்தக் கல்வியாண்டில் எப்போதாவது சென்றாரா” என்று கேட்பதும் ஒன்றாகாது. கணக்கெடுப்பு நாள் நீண்ட விடுமுறையில் விழுந்திருந்தால் முதல் கேள்விக்கு வரும் பதில்கள் வேறு மாதிரி இருக்கும், கையேட்டில் விடுமுறையைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். வேலை பற்றிய கேள்வியில் இது இன்னும் மோசம். “கடந்த வாரம்” என்று கேட்ட கணக்கெடுப்பில் உழைக்கும் பெண்களின் விகிதம் ஒன்றாகவும், “கடந்த ஆண்டில்” என்று கேட்டதில் வேறாகவும் வரும், ஊதியமில்லாத குடும்ப வேலையைச் சேர்க்கச் சொல்லியிருந்தால் இன்னொன்றாகவும் வரும். பெண்களின் உழைப்பு பத்தாண்டில் திடீரென்று பாதியாகிவிட்டது என்றோ இரட்டிப்பாகிவிட்டது என்றோ ஒரு கட்டுரையில் படித்தால், நான் முதலில் போய்ப் பார்ப்பது இரண்டு கேள்வித்தாள்களையும்தான்.

அடுத்து, யாரை எங்கே எண்ணினார்கள். அன்று இரவு இருந்த இடத்தில் எண்ணுவது ஒரு முறை, வழக்கமாக வாழும் இடத்தில் எண்ணுவது மற்றொரு முறை. வேலைக்காக வெளியூர் போன தந்தை முதல் முறையில் வீட்டிலேயே இருக்கமாட்டார். “குடும்பம்” என்பதன் வரையறையும் மாறும்: சில இடங்களில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம், சில இடங்களில் ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் எல்லோரும் ஒரு குடும்பம். குடும்பத்தின் சராசரி அளவை ஒப்பிடும்போது இந்த ஒரு வரி உங்கள் முடிவையே மாற்றிவிடும்.

மூன்றாவது, கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது. ஆங்கிலத்தில் யூனிவர்ஸ் என்பார்கள், நான் “கேட்கப்பட்டோர் வட்டம்” என்று சொல்லிக்கொள்வேன். பள்ளிக் கேள்வியை 5 வயதுக்கு மேற்பட்டோரிடம் கேட்டிருக்கலாம், வேலைக் கேள்வியை 10 வயதிலிருந்தோ 15 வயதிலிருந்தோ கேட்டிருக்கலாம். 15இலிருந்துதான் கேட்டார்கள் என்றால் அந்தக் கணக்கெடுப்பை வைத்து குழந்தைத் தொழிலாளர் பற்றி எழுத முடியாது, எவ்வளவு பெரிய மாதிரியாக இருந்தாலும் சரி.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒருவர்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார். மாமியாரின் வயதும் அண்ணன் மகன் படித்த வகுப்பும் அவருக்குத் தெரிந்த அளவில்தான் பதிவாகியிருக்கும்.

6. சிறிய கோப்பாக இறக்குங்கள், ஆனால் முழு வீட்டையும் சேர்த்து

முதல் முறை ஒரே ஒரு நாட்டின் ஒரே ஒரு ஆண்டு மாதிரி, பத்துப் பதினைந்து மாறிகள். அவ்வளவுதான். வெற்று அட்டவணையில் வந்தவற்றை எடுங்கள்: வயது, பால், பள்ளி செல்லல், கல்வி நிலை, குடும்பத் தலைவரோடு உறவு, திருமண நிலை, நகரம் அல்லது கிராமம், தாய் வீட்டில் எந்த ஆள் என்று காட்டும் மாறி, அடுக்கு மாறி (மாதிரி எடுக்கும் முன் வீடுகளை எந்தெந்தப் பிரிவுகளாக வகுத்தார்கள் என்று காட்டுவது). மாதிரி எண், குடும்ப எண், வீட்டுக்குள் ஆள் எண், எடைகள் ஆகியவை தாமாகவே வந்துவிடும். கல்வியைப் போன்ற முக்கிய மாறிகளுக்கு, எல்லா நாடுகளுக்கும் பொதுவாக ஆக்கிய வடிவத்தோடு அந்த நாட்டின் மூலக் குறியீட்டையும் சேர்த்து எடுங்கள், பொதுவாக்கியதில் சந்தேகம் வரும்போது திரும்பிப் பார்க்க அது வேண்டும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு: “எனக்குத் தேவை 10–14 வயதுச் சிறுமிகள்தானே” என்று இறக்கும்போதே அவர்களை மட்டும் வடிகட்டிவிடுவது. கோப்பு சிறியதாகிவிடும், ஆனால் தாய்மார் எல்லோரும் அதில் காணாமல் போயிருப்பார்கள். தேர்வு செய்தவர்களோடு அந்த வீட்டில் உள்ள எல்லோரையும் சேர்த்துத் தரும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். தாயின் கல்வியை மகளின் வரியிலேயே ஒட்டித் தரும் வசதியும் உண்டு. அது நேரத்தை மிச்சப்படுத்தும்தான், ஆனால் முதல் முறை கையால் இணைத்துப் பாருங்கள், எங்கே ஓட்டை இருக்கிறதென்று அப்போதுதான் தெரியும்.

7. திறந்ததும் வரும் முதல் ஒரு மணி நேரம்

எந்தச் சராசரியும் போடாதீர்கள். ஒவ்வொரு மாறியையும் எடுத்து, எந்தக் குறியீடு எத்தனை முறை வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

வயதில் 999 என்று வந்தால் தெரியவில்லை என்று பொருள். பிள்ளைகளின் எண்ணிக்கையில் 98 என்றால் தெரியவில்லை, 99 என்றால் அந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்படவே இல்லை. இவற்றை நீக்காமல் சராசரி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: சராசரி வயது 28 உள்ள கூட்டத்தில் 1 சதவீதம் பேருக்கு 999 என்று இருந்தால் சராசரி 37.7 ஆகிவிடும். 37.7 என்பது பார்க்க நம்பும்படியான எண், அதனால்தான் இந்தத் தவறு கடைசி வரை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

தெரியவில்லை என்பதையும் கேட்கப்படவில்லை என்பதையும் ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள். முன்னது தரவின் குறை. பின்னது கேள்வித்தாளின் வடிவம். கேட்கப்பட்டோர் வட்டத்துக்குள் இருக்க வேண்டிய வயதில் ஒருவருக்குக் “கேட்கப்படவில்லை” என்று இருந்தால் நீங்கள் கேள்வித்தாளைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், திரும்ப ஐந்தாம் படிக்குப் போங்கள்.

அப்புறம் வயதை ஒற்றை ஆண்டுவாரியாக வரைந்து பாருங்கள். 30, 35, 40 என்று முள் முள்ளாக எழுந்து நின்றால் வயதைச் சொல்வதில் முழு எண்களுக்கு ஓடும் பழக்கம் இருக்கிறது. அதை அளக்க விப்பிள் குறியீடு உண்டு: 23 முதல் 62 வயது வரை, 0இலும் 5இலும் முடியும் வயதுகளை எடுத்துக் கணக்கிடுவது. 100 வந்தால் அப்படிப்பட்ட சாய்வு இல்லை, எல்லோருமே 0 அல்லது 5 சொன்னால் 500 வரும். சிறுவயதில் 10, 12 போன்ற வயதுகளிலும் இந்தக் குவிதல் இருக்கலாம், 10–14 என்ற நம் குழுவின் கீழ் விளிம்பே 10 என்பதால் 9, 10, 11 மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

8. எடை போட்டு, வெளியான எண்ணோடு ஒப்பிடுங்கள்

எடை என்பது ஒரு பதிவு மக்கள்தொகையில் எத்தனை பேருக்காக நிற்கிறது என்ற எண். 10 சதவீத மாதிரியில் எல்லோருக்கும் எடை 10 என்றே இருந்தால் விகிதங்கள் மாறாது, அதனால் எடை இல்லாமலே கணக்குப் போடலாம் என்று சிலர் பழகிவிடுகிறார்கள். சிறிய ஊர்களில் அதிக வீடுகளையும் பெரிய நகரங்களில் குறைந்த வீடுகளையும் எடுத்த மாதிரி ஒன்று வரும்போது அதே பழக்கம் காலை வாரிவிடும். எப்போதும் எடையோடு போடுங்கள், ஒரு வரி கூடுதல் நிரல்தானே. ஆட்களைப் பற்றிப் பேசும்போது ஆள் எடை, வீடுகளைப் பற்றிப் பேசும்போது குடும்ப எடை. குடும்ப எடை ஒவ்வொரு ஆளின் வரியிலும் எழுதப்பட்டிருக்கும் என்பதால், வீடுகளை எண்ணும்போது ஒரு வீட்டுக்கு ஒரே வரியை மட்டும் வைத்துக்கொள்ள மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஆறு பேர் உள்ள வீடு ஆறு முறை எண்ணப்படும்.

எடை போட்ட பிறகு, பால்வாரியாக ஐந்தைந்து வயதுக் குழுக்களின் எண்ணிக்கையை எடுத்து அதே கணக்கெடுப்பின் வெளியான அட்டவணையோடு பக்கத்தில் வையுங்கள். சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், மாதிரி என்றால் அப்படித்தான். பெரிய வித்தியாசம் வந்தால் காரணம் கண்டுபிடிக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். விடுதிகளில் இருப்பவர்கள் மாதிரியில் சேரவில்லையா, ஒரு பகுதியே விடுபட்டிருக்கிறதா, வடிகட்டும்போது நீங்களே யாரையாவது தள்ளிவிட்டீர்களா?

தவறு எப்போதும் நம்முடையதாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. அமெரிக்காவின் 2000 கணக்கெடுப்புப் பொது மாதிரியில், தனிநபர் அடையாளம் தெரியாமலிருக்கச் செய்த மாற்றங்களில் ஏற்பட்ட பிழையால் 65 வயதுக்கு மேற்பட்டோரின் வயதும் பால் விகிதமும் கோணலாக இருந்தன. பல ஆண்டுகள் பலரும் அந்தக் கோப்பைப் பயன்படுத்திய பிறகு, 2010 வாக்கில்தான் அது வெளியே தெரியவந்தது. வெளியான அட்டவணையோடு வயதுவாரியாக ஒப்பிட்டதால்தான் அது பிடிபட்டது.

9. தாயையும் மகளையும் இணைப்பது

நுண்தரவின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. சறுக்கலும் இங்கேதான்.

பெரும்பாலான கணக்கெடுப்புகள் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று மட்டும் கேட்கின்றன. தலைவரின் மகள் என்றால் தலைவரின் மனைவி தாயாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஆனால் ஒரு கூட்டுக் குடும்பத்தில் இரண்டு மருமகள்கள், ஐந்து பேரப்பிள்ளைகள் இருந்தால்? யாருடைய பிள்ளை யார் என்று எங்கேயும் எழுதியிருக்காது. வயது வித்தியாசம், படிவத்தில் எழுதிய வரிசை, திருமண நிலை, அந்தப் பெண் சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஐபம்ஸ் ஓர் ஊகம் செய்து, தாயின் ஆள் எண்ணை மகளின் வரியில் எழுதித் தருகிறது. அங்கே 0 என்று இருந்தால் தாய் அந்த வீட்டில் இல்லை. மாற்றாந்தாயாக இருக்கக்கூடும் என்று காட்டும் தனி மாறியும் உண்டு, அதையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும் முறை இப்படி. கோப்பின் ஒரு நகலை எடுத்து அதில் மாதிரி எண், குடும்ப எண், ஆள் எண், கல்வி, வயது, பால் மட்டும் வைத்துக்கொண்டு, கல்வியைத் “தாய்க்கல்வி” என்றும் ஆள் எண்ணைத் “தாய் எண்” என்றும் பெயர் மாற்றுங்கள். மற்ற இரண்டுக்கும் அதேபோல. பிறகு மூலக் கோப்போடு மாதிரி எண், குடும்ப எண், தாய் எண் மூன்றும் பொருந்தும்படி இணையுங்கள். மூன்றுமே வேண்டும். ஏனென்றால் குடும்ப எண் ஒரு மாதிரிக்குள் மட்டும்தான் தனித்துவமானது, இரண்டு ஆண்டுகளை ஒன்றாக வைத்துக்கொண்டு குடும்ப எண்ணை மட்டும் நம்பினால், ஒரு சிறுமிக்கு பத்து ஆண்டுக்கு முந்தைய வேறொரு வீட்டுப் பெண் தாயாகிவிடுவாள்.

இணைத்ததும் மூன்று சோதனை. மொத்த வரிகளின் எண்ணிக்கை இணைப்பதற்கு முன்பிருந்ததே இருக்கிறதா? தாய் என்று வந்த எல்லோருமே பெண்களா? தாய்க்கும் மகளுக்கும் வயது வித்தியாசம் நம்பும்படி இருக்கிறதா? மூன்றில் ஒன்று தவறினாலும் முதலில் நிரலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, தாய் கிடைக்காத சிறுமிகளை என்ன செய்வது? இந்த இடத்தில் பெரும்பாலானோர் அவர்களை அப்படியே கழித்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள், மென்பொருளே கேட்காமல் கழித்தும் விடும். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தாயை இழந்தவர்கள். பாட்டி வீட்டில் வளர்பவர்கள். வேறொருவர் வீட்டில் வேலைக்கு விடப்பட்டவர்கள். சின்ன வயதிலேயே மணமாகிப் போனவர்கள். பள்ளியை விட்டு நிற்கும் ஆபத்து பல இடங்களில் இவர்களுக்குத்தான் அதிகம், அவர்களைக் கழித்துவிட்டுச் சொல்லும் விகிதம் தாயோடு வாழும் சிறுமிகளின் விகிதம் மட்டுமே. எதிர்ப் பக்கமும் உண்டு: பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் சிறுமியும் தாயோடு பதிவாகியிருக்கமாட்டாள், அவள் நிச்சயம் பள்ளி செல்பவள்.

அதனால் வெற்று அட்டவணையில் ஐந்தாவது வரிசை ஒன்றைச் சேருங்கள்: “தாய் இந்த வீட்டில் இல்லை”. முடிந்தால் அதையே தலைவரின் பேத்தி, வேறு உறவினர், உறவில்லாதவர், விடுதியில் இருப்பவர் என்று பிரித்துப் போடுங்கள். பல சமயம் கட்டுரையின் மிக முக்கியமான வரிசையாக அதுவே ஆகிவிடும். 14 வயதைத் தாண்டி 17, 18 என்று போகும்போது வீட்டைவிட்டுப் போனவர்கள் கூடிக்கொண்டே போவார்கள், தாயோடு இணைத்துச் செய்யும் ஆய்வு அங்கே மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். 10–14 என்று வயதை நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

10. பிழையளவு

மாதிரியில் எடுக்கப்படுவது பெரும்பாலும் வீடு, ஆள் இல்லை. ஒரே வீட்டு அக்காவும் தங்கையும் ஒரே தாய், ஒரே சூழல், அதனால் இரண்டு தனித்தனிச் சாட்சிகளாக அவர்களை எண்ண முடியாது. மொழி, மதம் போல ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் மாறிகளில் இது இன்னும் கடுமை. குடும்ப எண்ணைக் கொத்தாகவும் (ஒன்றாகச் சேர்த்து எடுக்கப்பட்டவர்கள்) அடுக்கு மாறியை அடுக்காகவும் மென்பொருளிடம் சொல்லிவிடுங்கள். ஆரில் சர்வே என்ற தொகுப்பும் ஸ்டேட்டாவில் எஸ்விஒய் கட்டளைகளும் இதற்குத்தான்.

பத்து லட்சம் வரிகள் இருந்தால் எல்லாமே “புள்ளியியல் முக்கியத்துவம்” உள்ளதாகத்தான், அதாவது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் வரும், அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. வித்தியாசம் எத்தனை சதவீதப் புள்ளி, அது யாருடைய வாழ்க்கையில் எவ்வளவு என்று எழுதுங்கள்.

11. இரண்டு ஆண்டுகள், இரண்டு நாடுகள்

ஒரு மாதிரியில் அட்டவணை முழுமையாக வந்த பிறகுதான் இரண்டாவது மாதிரியைத் தொட வேண்டும். அப்போதும் ஐந்தாம் படியிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும், குறுக்குவழி கிடையாது.

மாறியின் பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஐபம்ஸின் பொதுவாக்கிய கல்வி மாறி, முடிந்தவரை ஆரம்பக் கல்வி ஆறு ஆண்டு, கீழ்நிலை இடைநிலைக் கல்வி மூன்று ஆண்டு, மேல்நிலை மூன்று ஆண்டு என்ற அளவுகோலுக்கு எல்லா நாடுகளையும் கொண்டுவருகிறது. ஆரம்பக் கல்வி நான்கோ ஐந்தோ ஆண்டில் முடியும் நாட்டில், சொந்தக் கணக்கில் ஆரம்பக் கல்வி முடித்த தாய் இங்கே முடிக்காதவராக நிற்கலாம். மூலக் குறியீட்டையும் இறக்கச் சொன்னது இதற்காகத்தான். மாவட்ட எல்லைகளும் மாறிக்கொண்டே இருக்கும், காலத்தோடு ஒப்பிடும்போது எல்லைகளை நிலையாக்கித் தந்திருக்கும் புவியியல் மாறியை எடுங்கள்.

நாடுகளை ஒரே கோப்பில் கொட்டி ஒரு சராசரி போட்டால், எடைகளின் கூட்டுத்தொகையில் மிகப் பெரிய நாடு மற்றவற்றை விழுங்கிவிடும். நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் போட்டு, அப்புறம் அந்த முடிவுகளைப் பக்கம் பக்கமாக வையுங்கள்.

12. எழுதும்போது கூடவே சொல்ல வேண்டியவை

எந்த மாதிரி, எத்தனை சதவீதம், எந்த நாளில் இறக்கியது, கேள்வி எந்தச் சொற்களில் கேட்கப்பட்டது, கேட்கப்பட்டோர் வட்டம் எது, எத்தனை பதிவுகளை ஏன் நீக்கினீர்கள், எத்தனை சதவீதம் சிறுமிகளுக்குத் தாய் கிடைத்தாள். இவ்வளவும் ஒரு பத்தியில் அடங்கும். இறக்கிய நாளைக் குறிப்பதற்குக் காரணம், தரவுத் தொகுப்புகளைத் திருத்தி மறுபடி வெளியிடுவார்கள், ஆறு மாதம் கழித்து உங்கள் எண் வராவிட்டால் அதுதான் முதல் சந்தேகம். நிரல் கோப்பை மூலத் தரவிலிருந்து கடைசி அட்டவணை வரை ஒரே ஓட்டத்தில் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கையால் செய்த ஒரு திருத்தம்கூட இருக்கக் கூடாது.

ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று பேரே இருந்தால் அந்த எண்ணை வெளியிடாமல் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

தாயின் கல்வி கூடக் கூட மகள் பள்ளி செல்லும் விகிதமும் கூடுகிறது என்று உங்கள் அட்டவணை காட்டினால் அதை அப்படியே எழுதுங்கள், தாயின் கல்விதான் அனுப்பியது என்று எழுதாதீர்கள். படித்த தாயின் வீட்டில் பணமும் இருந்திருக்கலாம், பள்ளி பக்கத்திலேயே இருந்திருக்கலாம், கணக்கெடுப்பில் இரண்டுமே இல்லாமலிருக்கலாம். வீட்டில் மின்சாரம், தண்ணீர்க் குழாய், தரை எதனால் ஆனது போன்ற மாறிகள் இருந்தால், வீட்டின் வசதியை ஓரளவுக்குக் காட்டும் அளவாக அவற்றைச் சேர்த்து, அதே அட்டவணையை வசதி நிலைவாரியாக இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தாய்க்கல்வியின் வித்தியாசம் எவ்வளவு சுருங்குகிறது என்பதையும், ஐந்தாவது வரிசையில் இருக்கும் சிறுமிகள் எந்த வசதி நிலை வீடுகளில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.